சுதா புது நம்பர்

பரந்தாமன் அழுத்திவிட்டார். இனி ஜமீலா அழுத்த வேண்டும்.

திரையில் ஒரு கேள்வி நின்றது. சுதாவின் பழைய போன் எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைச் சேர்க்கலாமா? கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் இயக்குநர் பரந்தாமனின் டிக் விழுந்திருந்தது. மற்றது காலி.

இரண்டு பேர் சம்மதித்தால்தான் எண் மாறும். அந்த விதியை எழுதியவள் ஜமீலா.

இடம் அம்பத்தூர் எஸ்டேட். பம்பு செட் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி காலி செய்துவிட்டுப் போன ஷெட். ஆறு கல்லூரிகள் சேர்ந்து அங்கே ஓர் ஆய்வு மையம் வைத்திருந்தன. ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி. ஓர் அறை நிறையக் கணினிகள். அதை எல்லோரும் கிளஸ்டர் என்பார்கள். எந்தக் கல்லூரியும் தனியாக வாங்க முடியாதவை. யார் எப்போது எதைத் தொடலாம் என்று பார்த்துக்கொள்வது ஜமீலாவின் வேலை.

அவள் வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. கதவுக்குப் பின்னால் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. ஒரு கோப்பு அழிந்தால் ஆறு கல்லூரியும் ஒன்றையொன்று கைகாட்டும். ஜமீலா அதை மாற்றினாள். ஆளுக்கு ஓர் அடையாளம். உள்ளே வர வேண்டுமானால் அவரவர் போனில் ஒரு கேள்வி வரும். இது நீங்கள்தானா? ஆமாம் என்று தொட்டால் கதவு திறக்கும். முதல் மாதம் எல்லோரும் திட்டினார்கள். மையத்தின் வாட்ஸாப் குழுவில் அவளுக்குப் பூட்டுக்கடை என்று பெயர் வைத்தார்கள். அவளும் அதே குழுவில் இருப்பதை மறந்துவிட்டு வைத்த பெயர்.

இந்த வாரம் பூட்டுக்குப் பரீட்சை.

தென் மாநிலங்களின் பெரிய ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பு நடத்தின. அதில் சேர்ந்துவிட்டால் அம்பத்தூர் அடையாளத்தை வைத்தே அங்குள்ள இயந்திரங்களை இங்கிருந்து ஓட்டலாம். ஆவடிப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைசூர் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான். வலையமைப்பு ஒரு குழுவைக் கூலிக்கு அமர்த்தும். அவர்கள் ஒரு வாரம் திருடர்களாக இருப்பார்கள். யார் வேஷத்திலாவது உள்ளே நுழையப் பார்ப்பார்கள். நுழைந்துவிட்டால் அம்பத்தூருக்கு இணைப்பு இல்லை. நுழைய முடியாவிட்டால் அன்றே கதவு திறக்கும்.

ஐந்து நாளாக வந்ததெல்லாம் சில்லறைத் திருட்டு. போலி மின்னஞ்சல், போலிச் சுட்டி. யாரும் ஏமாறவில்லை. இன்று சனிக்கிழமை. மாலையோடு வாரம் முடிகிறது.

"இன்னும் ஏன் அழுத்தல?" என்று கேட்டுக்கொண்டே பரந்தாமன் உள்ளே வந்தார்.

"சுதா எங்கிட்டப் பேசலையே சார்."

"எங்கிட்டப் பேசினா. அழறா. நாளைக்குக் காலைல அவளுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக் கூட்டத்துல எவனோ போனை அடிச்சுட்டுப் போயிட்டான். யாரோ புது சிம் வாங்கிக் குடுத்திருக்காங்க. ராத்திரிக்குள்ள கிளஸ்டர்ல நேரத்தை நீட்டிக்கலைன்னா அவ கணக்கு மொத்தமும் அழிஞ்சிடும். ரெண்டு மாசமா ஓடற கணக்கும்மா."

சுதா பருத்திப்பட்டுப் பெண். பரந்தாமனின் மாணவி. சோடியம் பேட்டரிக்குள் உப்பு எப்படி நகர்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. கிளஸ்டரில் ஒரு கணக்கு அழிந்தால் அழிந்ததுதான். அது ஜமீலாவுக்கும் தெரியும்.

"இனிஷியலையும் மாத்தணுமாம்," என்றார் பரந்தாமன். "அப்பா குணசேகரனோட ஜி போய், மாப்பிள்ளை தமிழ்வாணனோட டி. இனிமே டி. சுதா. ரெண்டையும் ஒரே வேலையா முடிச்சுக் குடுங்க."

"குரல் சுதாவோடதுதானா சார்?"

"அழற பொண்ணு குரல் எப்படி இருக்கும்? என் பொண்ணே அழுதா எனக்கு அடையாளம் தெரியாது."

"அவ பழைய போனுக்குக் கேள்வி மேல கேள்வி அனுப்பிட்டேன். பதிலே இல்ல."

"திருடு போன போன் எப்படிம்மா பதில் சொல்லும்?"

பதில் வராததே அவர் பக்கத்துச் சாட்சியாகிவிட்டது.

"அப்போ நேர்ல வரட்டும். இல்ல, கூட வேலை பார்க்கறவங்க யாராவது பக்கத்துல நின்னு இவதான் சுதான்னு சொல்லட்டும். விதி அதுதானே சார்."

"நலங்கு வச்ச பொண்ணை எஸ்டேட்டுக்கு வரச் சொல்றீங்களா? நான் சொல்றேன், அவதான். என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு சார். போன்ல பேசினவங்க மேலதான் இல்ல."

பரந்தாமன் நல்ல மனிதர். மாணவர்களுக்காக யார் காலிலும் விழுவார். அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தால் தாங்காது.

"திருடனா இருந்தா நீங்க ஜெயிச்சீங்க. சுதாவா இருந்தா? கல்யாணத்தன்னிக்கு ஒரு பொண்ணோட உழைப்பை அழிச்ச மையம்னு பேர் வரும். திங்கட்கிழமை உங்க நாற்காலியில வேற ஆள் உக்காருவாங்க."

கதவை அடைக்காமல் போனார்.

விதியில் இன்னொரு வழியும் இருந்தது. ஆறு கல்லூரி முதல்வர்களில் ஒருவர் நினைத்தால் ஜமீலாவின் கட்டத்தை அவரே நிரப்பலாம். ஜமீலா விடுப்பில் போகும் நாளுக்காக அவளே வைத்த வழி. பரந்தாமன் இந்நேரம் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஜமீலா பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். சுதாவை அவள் நேரில் பார்த்தது நான்கைந்து முறை இருக்கும். மெல்லப் பேசுகிற பெண். கணக்கு ஓடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். அந்தக் கணக்கு இன்று அழிந்தால் அதை அழித்தது யார்?

போன் அடித்தது. தெரியாத எண்.

"ஜமீலா மேடம், நான் சுதா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சார் சொன்னாரு, நீங்க ஒத்துக்கலைன்னு."

"விதிம்மா. நான் என்ன செய்ய?"

"புரியுது மேடம். நீங்க உங்க வேலையைச் செய்யறீங்க. நான் தப்பா நினைக்கல. ஆனா கிளஸ்டர்ல ஓடற அந்த ரன் போச்சுன்னா என் தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போயிடும். இங்க யார்கிட்டயும் சொல்ல முடியல. எல்லாரும் புடவை, பூன்னு பேசறாங்க."

பேச்சு உண்மையாக இருந்தது. கல்யாண வீட்டில் ஆராய்ச்சிக்காரி இப்படித்தான் தவிப்பாள். ஜமீலாவின் கை மௌஸின் மேல் இருந்தது.

"நீங்களும் வரணும் மேடம். காலைல முகூர்த்தம் ரொம்ப சீக்கிரம், உங்களுக்குக் கஷ்டம். நாளைக்குச் சாயங்காலம் ரிசப்ஷனுக்காவது கண்டிப்பா வந்துடுங்க."

ஜமீலா கையை எடுத்துவிட்டாள்.

"கண்டிப்பா வர்றேன்," என்றாள். வைத்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் தெற்கே மேலப்பாளையம். அயனம்பாக்கம் ஃபிளாட்டுக்குக் குடிவந்த வருஷம், பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை என்று பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தது. காலையில் முடியாது, மாலை வரவேற்புக்குப் போகலாம் என்று குக்கர் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். மண்டபம் பூட்டியிருந்தது. வாசலில் ஒருவர் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் நேத்தே முடிஞ்சுதேம்மா என்றார். இந்த ஊரில் ஊர் கூடிச் சாப்பிடுவது முந்தின நாள் மாலை. மறுநாள் காலையில் தாலி கட்டியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜமீலா குக்கரோடு பஸ்ஸில் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் இந்த விஷயத்தில் தவறியதில்லை.

பருத்திப்பட்டில் பிறந்த பெண் தவறுவாளா?

அறிவிப்புப் பலகைக்குப் போனாள். மையத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பத்திரிகை குத்தியிருந்தது. சனிக்கிழமை மாலை வரவேற்பு. இன்று.

பரந்தாமனைக் கூப்பிட்டாள். அவர் வெட்டினார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வெட்டினார். ஜமீலா ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிப் போய், திருவேற்காடு தாண்டி, ஆவடி ரோட்டைப் பிடித்தாள். தண்ணி லாரிகள் விலகவில்லை. அவளும் விலகவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு குக்கர் இத்தனை வருஷம் கழித்து வேலைக்கு உதவுகிறது.

மண்டபம் பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். தமிழ்வாணன், ஜி. சுதா. சந்தனத் தட்டோடு நின்ற பெரியவர் அவளை யாரென்று கேட்கவில்லை.

"வா மேடம், வா. மொதல்ல சாப்ட்டு அப்பால மேடைக்குப் போலாம்."

"நீங்க சுதாவோட அப்பாவா?"

"ஆமா, குணசேகரன். நீ காலேஜ் ஆளா?"

"சுதா வேலை பார்க்கற மையம். அவ போன் திருடு போச்சாமே?"

"திருடா? எவன் சொன்னான்? மேடையில நிக்கிற பொண்ணுக்கு போன் எதுக்குன்னு அவங்கம்மா வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சிகினு கீது. சத்தத்தைக் கூட அமுக்கி வச்சிட்டாங்கோ. இன்னா மேடம், இன்னா மேட்டரு?"

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் சுதா இனிஷியலை மாத்தறாளா?"

குணசேகரனின் சந்தனத் தட்டு சாய்ந்தது. "இன்னாது?"

"மாத்திக் குடுங்கன்னு ஒருத்தர் போன் பண்ணினாங்க."

"என் இனிஷியலையா? தாலியே இன்னும் ஏறல, அதுக்குள்ள எவன்யா என் ஜி-யைத் தூக்கறது?" தட்டைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்தார். "நட மேடம். இன்னான்னு கேட்டுடுவோம்."

மேடைக்கு ஏறும் வரிசை நீளம். முன்பக்கம் பரந்தாமன், கையில் பரிசுப் பொட்டலம். ஜமீலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம்."

"இங்கயுமா? பூந்தமல்லி முதல்வர்கிட்டப் பேசிட்டேன். வீட்டுக்குப் போனதும் உங்க கட்டத்துல அவர் டிக் போட்டுடுவார். உங்களுக்கு இனிமே அந்தக் கவலை வேண்டாம்."

"சார், மேடையைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தானே நிக்கறேன். பொண்ணு முகத்தைப் பாருங்க. உள்ளுக்குள்ள எவ்வளவு அழுதிருப்பா."

மேடையில் சுதா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரித் தோழிகள் மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள்.

பரந்தாமனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மதியம் அவரே பதிந்துவைத்த பெயர் திரையில் மின்னியது.

சுதா புது நம்பர்.

மேடையைப் பார்த்தார். சுதாவின் இரண்டு கைகளிலும் மாலை. போனைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி மேடையைப் பார்த்தார். பிறகு போனை ஜமீலாவிடம் நீட்டினார்.

ஜமீலா வரிசையைத் தாண்டிப் படியேறினாள்.

"யக்கா, லைன்ல வா யக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

"எங்க ஆளுதான், வுடுப்பா!" என்று குணசேகரன் பின்னாலிருந்து கத்தினார்.

"சுதா, உனக்கு போன்."

"எனக்கா மேடம்? இப்பவா? யாரு?"

"சுதா."

சுதாவுக்கு விளங்கவில்லை. ஜமீலா ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன் நீட்டினாள். பாட்டுக்காரர் ஒரு பாட்டை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அரை நிமிஷம் அமைதி.

"சார், நான் சுதா பேசறேன்," என்றது போன். மூக்கை உறிஞ்சியது. "ஜமீலா மேடம் அழுத்திட்டாங்களா சார்?"

சுதா ஜமீலாவைப் பார்த்தாள். கீழே இயக்குநர் நின்ற நிலையைப் பார்த்தாள். ஆராய்ச்சிக்காரி. புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"அப்படியா? நானும் சுதாதான்," என்றாள். "குணசேகரன் பொண்ணு சுதா. நீங்க எந்தச் சுதா?"

மூக்குறிஞ்சல் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. அழுகையே இல்லாத, தெளிந்த இளம் குரல்.

"கல்யாண வாழ்த்துகள், சுதா. என் பேரு வர்ஷா. உங்க மையத்துக்கு வந்த திருடி நான்தான். பக்கத்துல ஜமீலா மேடம் இருக்காங்களா?"

"இருக்கேன்."

"ஒரே ஒரு கேள்வி மேடம். இயக்குநர் விழுந்துட்டார். உங்களையும் பாதி சாய்ச்சுட்டேன்னு நினைச்சேன். எங்க தப்பு பண்ணேன்?"

"உன் பேச்சுல நான் அழுத்தியிருக்க மாட்டேன். விதி விதிதான். ஆனா ரிசப்ஷன் நாளைக்குன்னு சொன்ன பாரு, அதுல ஆளையே பிடிச்சுட்டேன். இங்க ரிசப்ஷன் முந்தின நாள்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரிசப்ஷனா? கல்யாணம் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

"யம்மா, நல்ல வார்த்தை பேசும்மா!" என்றார் குணசேகரன்.

"மன்னிச்சுக்கோங்க. நான் மும்பைல பிறந்து வளர்ந்தவ. அங்க எங்க மாட்டுங்கா பக்கம் தாலி கட்டினப்புறம்தான் ரிசப்ஷன்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் ஜமீலா. "ஒரு தடவை."

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மேடம். அறிக்கையை இப்பவே அனுப்பிடறேன்."

குணசேகரன் போனை எட்டிப் பிடித்தார். "அனுப்பறது இருக்கட்டும். என் இனிஷியல்ல ஏம்மா கை வச்ச?"

"கல்யாணம்னா எல்லாரும் உடனே ஒத்துக்குவாங்க அங்கிள். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

குணசேகரன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்வாணன் அவசரமாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"நான் கேக்கவே இல்ல மாமா!"

மேடை சிரித்தது. பாட்டுக்காரரும் சிரித்தார்.

"என் பேப்பர் எல்லாம் ஜி. சுதான்னுதான் வந்திருக்கு," என்றாள் சுதா. "யாரும் மாத்தப் போறதில்ல. சரி, எதுக்கு சார் இதெல்லாம்? என் ரன்னுக்கு என்ன ஆச்சு?"

பரந்தாமன் மேடை ஏறியிருந்தார். பரிசுப் பொட்டலம் இன்னும் கையில். "ராத்திரிக்குள்ள நீட்டிக்கலைன்னா அழிஞ்சிடும்னு சொன்னாளேம்மா."

"வியாழக்கிழமையே நீட்டிச்சாச்சு சார். நலங்கு வைக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பண்ணேன்."

பரந்தாமன் தலையாட்டினார். ஜமீலாவின் பக்கம் திரும்பினார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"இனிமே நான் சொன்னாலும் அழுத்தாதீங்க," என்றார்.

"அழுத்தலையே சார்."

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. போனை எடுத்துப் பூந்தமல்லி முதல்வரைக் கூப்பிட்டார். "சார், அந்த டிக் வேண்டாம். ஆமா, வேண்டவே வேண்டாம். எங்க பூட்டுக்கடை கெட்டி சார்." ஜமீலாவுக்கு அந்தப் பெயர் முதன்முறையாகப் பிடித்தது.

சுதாவின் அம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்து, வெற்றிலைக்கும் பவுடர் டப்பாவுக்கும் அடியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். திரையில் ஜமீலா அனுப்பிய கேள்விகள் வரிசையாகக் காத்திருந்தன. உங்கள் எண்ணை மாற்றக் கேட்டது நீங்கள்தானா? மருதாணி விரலைப் போன் ஏற்கவில்லை. சுதா எண்களைத் தட்டித் திறந்தாள். நான் இல்லை என்று தொட்டாள். அம்பத்தூரில், ஆளில்லாத அறையில், பரந்தாமனின் டிக்கும் மறைந்தது.

ஜமீலா சாப்பிட உட்கார்ந்தாள். இலையில் இரண்டாவது கரண்டி ரசம் விழும்போது அவள் போனில் அஞ்சல் வந்தது. வலையமைப்பிலிருந்து. இரண்டே வரி. அம்பத்தூர் மையம் தேர்ச்சி. இணைப்பு இந்த நிமிஷம் திறந்திருக்கிறது.

பாதி இலையில் எழுந்தாள். பந்தி பரிமாறுகிறவர் முறைத்தார். கையைக் கழுவிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். இந்த முறை வரிசை தானாக வழிவிட்டது.

"சுதா, மைசூர்ல அந்த மெஷினுக்கு நீ எத்தனை தடவை போயிட்டு வந்திருக்க?"

"எண்ணவே இல்ல மேடம். பஸ்ஸுலயே பாதி தீசிஸ் எழுதினேன். ஏன்?"

"இப்ப இங்கிருந்தே உள்ள போய்ப் பாரு."

சுதா மாலையைத் தமிழ்வாணன் கையில் கொடுத்தாள். இரண்டு மாலையையும் தூக்கிக்கொண்டு அவன் நின்றான். போட்டோக்காரர் கோபித்துக்கொண்டார். பரிசு கொடுக்க வந்தவர்கள் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுதா போனில் அம்பத்தூரின் பக்கத்தைத் திறந்தாள். மைசூர் ஆய்வகத்தைத் தொட்டாள். இது நீங்கள்தானா என்று போன் கேட்டது.

"நானேதான்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொட்டாள்.

ஒரு சக்கரம் சுற்றியது. பரந்தாமன் பரிசுப் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். சக்கரம் நின்றது. கதவு திறந்தது.

"இன்னாமா போட்டு கீது? படி," என்றார் குணசேகரன்.

சுதா படித்தாள். "அம்பத்தூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். வருக, ஜி. சுதா."

"ஜி கீதா?"

"கீதுப்பா."

குணசேகரன் நேராகப் போய்ப் பாட்டுக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினார்.